அஞ்சுக்கு எத்தனை?

அத்தியாயம் – 14

போன வாரம் நூலகத் தலைவி உல்ஜானை எங்கே விட்டோம்? நூலகத்துத் தொலைபேசியைக் காதில் வைத்தபடி நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்த இடத்தில். கோக்-பெல் நகர நூலகத்தைச் சோதிக்கத் தலைநகரத்திலிருந்து வரப்போகிற அதிகாரியின் பெயரை, அந்தப் பக்கம் இருந்தவர் இரண்டாம் முறை படித்துக் காட்டினார். பெகாயிம். உல்ஜான் பெற்ற ஒரே பெண்.

அன்றைக்கு எழுந்தவள்தான், அதற்கப்புறம் அவள் உட்காரவே இல்லை.

விஷயம் இதுதான். ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் ஒரு சின்ன மின்னணுச் சில்லை ஒட்டிவிடுவார்கள். அலமாரிக்கு முன்னால் ஸ்கேனரை வீசிக்கொண்டு நடந்தாலே எந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். வாசகர் தானே புத்தகத்தைக் கருவியில் வைத்துப் பதிந்து எடுத்துக்கொண்டு போகலாம். முதலில் மாகாணத்தில் ஒரே ஒரு நூலகத்துக்குத்தான் இந்த வசதி. எது தயாராக இருக்கிறது என்று பார்க்கத்தான் சோதனை. மின்சாரம், கணினி, அலமாரி எல்லாம் பார்ப்பார்கள். அதைவிட முக்கியமாக, அங்கே வேலை செய்கிறவர்களின் மனசைப் பார்ப்பார்கள். தேர்வான ஊரில் தலைநகரத்து ஆள் ஒருவர் ஒன்றரை வருடம் தங்கிச் சொல்லிக் கொடுப்பார்.

சில்லும் ஸ்கேனரும் உல்ஜானின் மனதில் நிற்கவில்லை. அந்த ஒன்றரை வருடம்தான் நின்றது. சோதிக்க வருகிறவளே தங்கவும் செய்வாள் என்று அவள் தானாகவே முடிவு செய்துகொண்டாள். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

பெண்ணைப் பார்த்து நான்கு வருடம் ஆகிறது. பெகாயிமின் அப்பா இறந்தபோது கணவாயைப் பனி மூடிவிட்டது. பெகாயிம் பாதி வழியில் மாட்டிக்கொண்டாள். சாவுக்கென்று வாசலில் போடும் கூடாரத்துக்குள் மகள் உட்கார்ந்து ஒப்பாரி வைக்க வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது. வந்தவர்களெல்லாம் அந்த இடத்தைப் பார்த்தார்கள். அந்த வேகத்தில் உல்ஜான் தொலைபேசியில் சொல்லிவிட்டாள்: "வரவேண்டிய நேரத்துல வரல. இனிமே எதுக்கு வர்றே? இங்க யாரும் உன்னைத் தேடல." பெண்ணும் அம்மாவுக்கேற்ற பெண்தான். சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டாள். பண்டிகைக்குப் பேசுவாள், உடம்பு எப்படி என்று கேட்பாள், ஆனால் வருவதில்லை. வா என்று சொல்ல உல்ஜானுக்கும் வாய் வரவில்லை. வீம்பு என்று வந்துவிட்டால் தாயென்ன மகளென்ன?

ஆக, நூலகத்தைத் தயார் செய்தாள். எப்படி? நம் ஊர்ப் பழக்கம் தெரிந்ததுதானே. மேலிடத்திலிருந்து ஆள் வருகிறார் என்றால் தெருவைப் பார்த்த சுவருக்கு மட்டும் வெள்ளையடிப்போம். பக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு கணினிகளை ஒரு நாளுக்குக் கடன் வாங்கினாள். கல்யாண மண்டபத்து ஜெனரேட்டரைக் கொல்லையில் கொண்டுவந்து நிறுத்தினாள். சோதனைக்கென்று முன்கூட்டியே அனுப்பியிருந்த சில்லுகளை உள்ளூர் வரலாற்று அலமாரிப் புத்தகங்களில் சொன்னபடி தன் கையாலேயே ஒட்டினாள். அந்தப் புத்தகங்கள் அட்டை கிழிந்து பார்க்க அழுதுவடிந்ததால், அவற்றுக்கு மேலட்டையும் போடச் சொன்னாள். மார்ச் எட்டு மகளிர் தினத்துக்குப் பூங்கொத்து சுற்ற வாங்கி, பூக்கடையில் மிஞ்சிப்போன தடித்த காகிதம். வெளிப்பக்கம் பூப் போட்டது. அலமாரி பூந்தோட்டம் மாதிரி ஆகிவிட்டது.

மிச்சம் இருந்தது ஆட்கள். அதில் முதல் ஆள் சூரா. உல்ஜானுக்கு ஓரகத்தி, புருஷனின் அண்ணன் மனைவி. இரவல் மேஜையில் இருபத்தைந்து வருடமாக உட்கார்ந்திருக்கிறவள். உல்ஜான் அவளை எஜே, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவாள்.

"எஜே, நாளைக்குக் கேப்பாங்க. புதுக் கருவி வந்தா சமாளிப்பீங்களா, அஞ்சுக்கு எத்தனை மார்க் போடுவீங்கன்னு. என்ன சொல்லணும்?"

"அஞ்சு."

"பயமா இருக்கான்னு கேட்டா?"

"அதுக்கும் அஞ்சா?"

"ஐயோ! பயமே இல்லன்னு சொல்லுங்க எஜே."

"பயம் இருக்கேடி."

"இருக்கட்டும். உள்ளயே இருக்கட்டும். வெளிய அஞ்சு."

சூரா குர்த் உருண்டை ஒன்றை வாயில் போட்டு அடக்கிக்கொண்டாள். காய்ந்த தயிர் உருண்டை வாயில் இருக்கும்போது யாராலும் எதிர்த்துப் பேச முடியாது.

வெள்ளிக்கிழமை காலை, கண்ணாடி வரைக்கும் சேறு அப்பிய கார் ஒன்று நூலக வாசலில் வந்து நின்றது. முதலில் இறங்கியவன் தாலந்த் என்கிற இளைஞன். கருவிப்பெட்டியும் கையுமாக இருந்தான். அடுத்து பெகாயிம் இறங்கினாள். முடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்தாள். மெலிந்திருந்தாள். நடையில் மட்டும் அப்படியே அப்பன்.

உல்ஜானின் இரண்டு கைகளும் தாமாகவே விரிந்தன.

"வணக்கம், உல்ஜான் எஜே," என்று சொல்லி பெகாயிம் வலது கையை நீட்டினாள்.

பெற்ற பெண் ஊரார் அக்காவைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிடுகிறாள். விரிந்த கைகளில் ஒன்றைக் கீழே விட்டு, இன்னொன்றால் உல்ஜான் கை குலுக்கினாள். பெண்ணின் கை ஜில்லென்று இருந்தது. கையுறை போட்டுக்கொள்ளக் கூடாதா என்று வாய் வரைக்கும் வந்தது.

தாலந்த் பெட்டியோடு முன்னால் போனதும் பெகாயிம் தாழ்ந்த குரலில் சொன்னாள். "சொந்தக்காரங்க இருக்கிற நூலகத்தைச் சோதிக்கக் கூடாதுன்னு விதி. அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா என் வேலைக்கே ஆபத்து. பெரியம்மாகிட்டயும் சொல்லிடுங்க."

"சரிங்க அதிகாரி," என்றாள் உல்ஜான். சொன்ன பிறகுதான் குத்தலாகிவிட்டதே என்று நாக்கைக் கடித்தாள்.

வாசிப்பறையில் மேஜை போட்டிருந்தது. ரொட்டி, எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டுகளான போர்சோக், வெண்ணெய், பழப்பாகு. அடுப்படியில் கறி வெந்துகொண்டிருந்தது.

"மன்னிக்கணும். சோதனைக்குப் போற இடத்துல எதுவும் சாப்பிடக் கூடாது," என்றாள் பெகாயிம்.

"வந்த இடத்துல ரொட்டியப் பிய்க்காமப் போறது எந்த ஊர் விதி?" என்று சூரா பொங்கினாள். "நாலு வருஷம் கழிச்சு..." உல்ஜான் மேஜைக்கடியில் அவள் காலை மிதித்தாள். "நாலு வருஷம் கழிச்சு இப்பதான் இந்த மேஜைக்குத் துணி மாத்தியிருக்கோம்," என்று சூரா முடித்தாள்.

தாலந்த் சிரித்துக்கொண்டே, "ரொட்டியத் தொடாமப் போற பாவம் நமக்கு வேண்டாம் எஜே," என்று போர்சோக்கை அள்ளினான். ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்தவன் தட்டின் அடியைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினான். பெகாயிமின் கை ரொட்டிப் பக்கம் போனது. ஓரத்தைத் தொட்டது. அப்புறம் பேனாவை எடுத்துக்கொண்டது.

நேர்காணல் ஆரம்பித்தது. ஒவ்வொருவராக உள்ளே போய் வந்தார்கள். புதிய முறையை விரும்புகிறீர்களா? ஐந்து. பயிற்சிக்கு நேரம் ஒதுக்குவீர்களா? ஐந்து. தலைமை உங்களோடு கலந்து பேசியதா? ஐந்து. மின்சாரம் நிற்குமா? ஐந்து என்று ஒருத்தி சொல்லிவிட்டு, "நிக்காது, நிக்காது" என்று திருத்தினாள். கடைசியாகப் போன சூரா வெளியே வந்து தோள் சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சொல்லிட்டேன் உன் அஞ்சை. ஆனா புள்ள என் முகத்தையே பாத்துட்டு இருந்தா. நான் தூக்கி வளர்த்தவகிட்டப் பொய் சொல்ல வச்சுட்டியே."

மத்தியானம் ஸ்கேனர் சோதனை. பூந்தோட்ட அலமாரிக்கு முன்னால் எல்லாரும் கூடினார்கள். தாலந்த் கருவியைக் கையில் பிடித்து அலமாரியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாக நடந்தான். ஒவ்வொரு புத்தகத்துக்கும் கருவி பீப் என்று கத்த வேண்டும். கருவி வாயைத் திறக்கவில்லை.

திரும்ப நடந்தான். மௌனம். பேட்டரியைக் கழற்றி மாட்டினான். தன் சட்டைப்பையில் இருந்த மாதிரிச் சில்லைக் காட்டினான். பீப். அலமாரியைக் காட்டினான். கல்லுளிமங்கன் மாதிரி இருந்தது.

"சில்லு ஒட்டினீங்களா எஜே?"

"ஒட்டினோமே! என் கையால ஒட்டினேன்," என்றாள் உல்ஜான். கருவி பேசவில்லை என்றால் தேர்வு இல்லை. தேர்வு இல்லை என்றால் பெண் சாயங்காலமே காரில் ஏறிவிடுவாள். "ஜெனரேட்டரைப் போடட்டுமா? கரண்ட் போதலையோ?"

"இதுக்கு அந்தக் கரண்ட் வேண்டாம் எஜே."

பெகாயிம் முன்னால் வந்து ஒரு புத்தகத்தை எடுத்தாள். பூ அட்டையின் ஓரத்தை நகத்தால் நெம்பி மெல்லப் பிரித்தாள். காகிதத்தின் உள்பக்கம் பளபளவென்று வெள்ளி.

"அலுமினியம் பூசின காகிதம்," என்றாள். "இது ரேடியோ அலையை உள்ள விடாது. ஒவ்வொரு புத்தகத்தையும் டப்பாக்குள்ள போட்டு மூடி வச்சிருக்கீங்க."

தாலந்த் சிரித்தான். அடக்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சூராவும் சிரித்துவிட்டாள். "குளிருக்குக் கோட்டு போட்டு விட்டோம் தம்பி!" உல்ஜானால் சிரிக்க முடியவில்லை. பெகாயிமும் சிரிக்கவில்லை.

"உல்ஜான் எஜே, பின்னால புத்தகக் கிடங்கைக் காட்டுறீங்களா?" என்றாள்.

கிடங்கில் ஆளுயர அலமாரிகளுக்கு நடுவே ஒருவர்தான் நடக்க முடியும். உல்ஜான் முன்னால் போக, பெகாயிம் பின்னால் வந்தாள். கதவு சாத்திக்கொண்டதும் பெகாயிம் நின்றாள்.

"அந்தக் கம்ப்யூட்டர் ரெண்டும் பள்ளிக்கூடத்தோடது. பின்னாடி அவங்க எண் எழுதியிருக்கு."

உல்ஜான் அலமாரித் தூசியை விரலால் துடைத்தாள்.

"காகிதம் போகட்டும்மா. பிரிச்சா சரியாயிடும். ஆனா எல்லாருமே அஞ்சு போட்டிருக்காங்க. நான் எத்தனையோ நூலகம் பாத்தாச்சு. கருவி வருதுன்னா ஒருத்தராவது பயப்படுவாங்க, ஒருத்தராவது சண்டை போடுவாங்க. அப்படிச் சொல்ற இடம்தான் உருப்படும். பயமே இல்லன்னு எல்லாரும் சொன்னா, தலைவிக்குப் பயந்து சொல்றாங்கன்னு அர்த்தம்."

அம்மா என்ற சொல் வந்துவிட்டது. உல்ஜானுக்கு மற்றதெல்லாம் பாதிதான் காதில் விழுந்தது.

"நான் உன்னை..." என்று ஆரம்பித்தவள் மாற்றிச் சொன்னாள். "நீ ஒண்ணரை வருஷம் இங்க இருப்பேன்னு நினைச்சேன். அதுக்குத்தான் பெயின்ட், கம்ப்யூட்டர், பூ, எல்லாம்."

பெகாயிம் அலமாரியில் சாய்ந்துகொண்டாள். ஏதோ சொல்ல வந்து, அதை முழுங்கிவிட்டு வேறு ஒன்றைச் சொன்னாள்.

"நான் என்ன எழுதினாலும் தாலந்த் கீழ கையெழுத்துப் போடுவார். தயார்னு எழுதலாம். தயார் இல்லன்னும் எழுதலாம். நீங்களே சொல்லுங்க. என்ன எழுதட்டும்?"

இதைவிடப் பெரிய சோதனையை எந்தக் கருவியாலும் வைக்க முடியாது. தயார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெண் வீட்டில் இருப்பாள். காலையில் அவளுக்கு டீ ஊற்றலாம். ஏன் இவ்வளவு மெலிந்தாய் என்று தினமும் திட்டலாம். உல்ஜானுக்கு அந்த டீயின் ஆவி முகத்தில் பட்டதுபோல இருந்தது. ஆனால் அந்தப் பொய் பெண்ணின் கையெழுத்தோடு போகும். நாளைக்குக் கருவி வந்து மின்சாரம் இல்லாமல் மூலையில் கிடக்கும்போது, கேள்வி பெண்ணைத்தான் கேட்பார்கள்.

"எல்லாரையும் மறுபடி கூப்பிடு," என்றாள். "நான் வெளிய நிக்கிறேன். உள்ளதைச் சொல்லச் சொல்லு."

வெளியே நிற்கவும் சூரா விடவில்லை. "நீ இருக்கும்போதுதான் சொல்லுவேன்," என்று ஓரகத்தியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்தாள்.

"எழுதிக்கோங்க. எனக்கு அஞ்சுக்கு ஒண்ணு. ஏன்னா பயமா இருக்கு. வர்றவங்க தானே வச்சு, தானே பதிஞ்சு, தானே எடுத்துட்டுப் போவாங்களாம். அப்புறம் என் முகத்தை யார் பாக்கப் போறாங்க? எம் புருஷன் போனதுக்கப்புறம் என்கிட்டப் பேசுறது அந்த மேஜைக்கு வர்ற ஆளுங்கதான். வீட்டுல சுவத்தோடயா பேசுறது? இவ என் கொழுந்தன் பொண்டாட்டி. ஒரு வார்த்தை என்னைக் கேட்டாளா? அஞ்சு சொல்லு, அஞ்சு சொல்லுன்னா."

உல்ஜானுக்கு முகம் எரிந்தது. முப்பது வருடமாகப் பக்கத்துப் பக்கத்து வீடு. இவள் வீடு அப்படிக் காலியாகக் கிடக்கிறது என்று தோன்றவே இல்லையே. தன் வீட்டு வெறுமையைக் கட்டிக்கொண்டு அழுததில் பக்கத்து வீட்டு வெறுமை கண்ணில் படவில்லை.

"என் தப்பு எஜே," என்றாள். எல்லார் முன்னாலும் சொன்னாள்.

மற்றவர்களுக்கும் வாய் திறந்தது. குளிர்காலத்தில் பாதி நாள் விளக்கில்லை என்றாள் ஒருத்தி. கணினியை அணைக்கத் தெரியாது, பிளக்கைத்தான் பிடுங்குவேன் என்றாள் இன்னொருத்தி. பெகாயிம் விடாமல் எழுதினாள். சாயங்காலம் கூட்டிப் பார்த்தபோது கோக்-பெல் தேறவில்லை. இந்த வருடம் தயார் இல்லை, அடுத்த வருடம் மறுபடி பார்க்கலாம் என்று முடிவானது.

"ஆனா நான் பாத்த நூலகத்துலயே இங்கதான் உண்மையா சண்டை போட்டாங்க," என்று தாலந்த் சொல்லிவிட்டு, வண்டியைச் சூடேற்றப் போனான்.

வாசலில் தாயும் மகளும் நின்றார்கள். வெயில் மலைக்கு அந்தப் பக்கம் இறங்கிவிட்டது. தெருச் சேறு மறுபடி உறைய ஆரம்பித்திருந்தது.

"அடுத்த வருஷம் வருவேல்ல?"

"வருவாங்க."

"வருவாங்கன்னா? நீ?"

"கிடங்குலயே சொல்லியிருக்கணும். மனசு வரல." பெகாயிம் பையின் வாரை இறுக்கிப் பிடித்தாள். "எந்த ஊர் தேறினாலும் தங்கப்போறது தாலந்த்தான். ஆரம்பத்துலயே முடிவானது. எனக்குக் கொரியாவுல வேலை கிடைச்சிருக்கு. மூணு வருஷம். திங்கக்கிழமை கையெழுத்துப் போடணும்."

உல்ஜான் சுவரைப் பிடித்துக்கொண்டாள். சுவரின் புது வெள்ளை கையில் ஒட்டியது.

"அப்புறம் எதுக்கு வந்தே?"

"இந்த ஊரை வேற ஒருத்தருக்குக் கொடுத்திருந்தாங்க. நான் கெஞ்சி வாங்கினேன். நீங்க கூப்பிடல. கூப்பிடாம வர்றதுக்கு எனக்கு ஒரு காரணம் வேணும்ல?" பெகாயிம் நேராக அம்மாவின் கண்ணைப் பார்த்தாள். "நான் போனா தாங்குவீங்களா?"

"தாங்காம என்ன. நல்ல வேலை. போ."

எத்தனை சீக்கிரம் வந்தது அந்தப் பதில்! யோசிக்கக்கூட இல்லை. பெகாயிம் தலையை ஆட்டினாள். படியிறங்கிப் போய்க் காரில் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். கார் ஒருமுறை உறுமிப் பின்னால் நகர்ந்து, தெருப்பக்கம் திரும்பியது.

உல்ஜான் ஓடினாள். அந்த வயதில், அந்தச் சேற்றில், தலைத்துணி நழுவ ஓடிப்போய் ஜன்னலில் உள்ளங்கையால் அடித்தாள். கண்ணாடி இறங்கியது.

"ஒண்ணு," என்றாள் மூச்சிரைக்க.

"என்னது?"

"கேட்டியே, தாங்குவீங்களான்னு. அஞ்சுக்கு ஒண்ணுதான். அதுகூட இல்ல. நாலு வருஷமா ஒவ்வொரு நாளும் உனக்கும் சேர்த்து ஒரு டீக் கிண்ணம் வச்சிட்டு எடுத்து வைக்கிறேன். நீ வரணும். நூலகத்துக்கு இல்ல. எனக்கு."

பெகாயிமின் முகம் சின்னப் பிள்ளையின் முகம்போலக் கோணியது. "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா," என்று ஜன்னல் வழியே இரண்டு கையையும் நீட்டி அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அப்பாவுக்காக அழாத அழுகையும் சேர்ந்து வந்தது.

இன்ஜின் நின்றது. தாலந்த் சாவியிலிருந்து கையை எடுக்காமல் மெதுவாகத் திரும்பி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பின்சீட்டில், இன்னும் ஒட்டாத உறையில், அவனும் கையெழுத்திட்ட முடிவு இருந்தது.

"அம்மாவா?" என்றான்.

பெகாயிம் கழுத்தைக் கட்டிய கையை எடுக்கவில்லை.